காஞ்சிக் கூடத்தில் முப்பது ஹெர்ட்ஸ்

காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் கச்சேரி மேடையில் ஆள் அதிகம். 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்த அந்த லய மேதைக்கு மிருதங்கம் ஒன்று மட்டும் போதாது. கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று ஒரு தாளப் பட்டாளத்தையே சுற்றி உட்கார வைத்துக்கொண்டு பாடுவார். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்று அதற்குப் பெயர். இன்றைக்கு அதே ஊரில், வீட்டுக் கூடத்துக்கென்று ஒரு சப்வூஃபரைத் தானே கட்டிக்கொள்ள நினைக்கிறவருக்கு வேண்டிய இயற்பியலில் பாதி அந்த மேடையிலேயே இருந்தது. ஸ்பீக்கர் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் அதை ஒருமுறை பார்த்துவிடலாம்.

மிருதங்கத்தின் இடது பக்கம் தொப்பி. கச்சேரிக்கு உட்காரும்போது அதன் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அதிர்கிற எந்தப் பொருளுக்கும் அதன் விறைப்பும் எடையும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணை விதிக்கின்றன. விறைப்பை மாற்றாமல் எடையை மட்டும் ஏற்றினால் அதிர்வெண் இறங்கும். எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். தோலை இழுத்துக் கட்டிய வாரைத் தளர்த்தாமலேயே ஒரு பிடி ரவையால் நாதத்தைக் கீழே கொண்டுபோவது அப்படித்தான். தோல் மேல் பூசும் இந்தச் சுமை அதிர்வை எப்படித் திருத்துகிறது என்பதை சர் சி. வி. ராமன் 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்; 1935-ல் விரிவாகத் திரும்பவும் எழுதினார். அவருடைய அக்கறை பெரும்பாலும் வலது பக்கமான வலந்தலையில் பூசும் கரணை மேல்தான். நமக்கு வேண்டியது தொப்பி. சப்வூஃபருக்கென்று செய்த ஸ்பீக்கரின் கோன் கனமாகவும், அதன் விளிம்பு தளர்வாகவும் இருப்பது இதே காரணத்துக்காக.

அடுத்து கடம். வித்வான் அதன் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிக்கும்போது, பானைக்குள்ளிருந்து ஒரு 'பும்' இறங்கி ஏறுகிறது. அது மண்ணின் ஒலியல்ல, பானைக்குள் இருக்கும் காற்றின் ஒலி. வாயருகே உள்ள கொஞ்சம் காற்று எடையாகவும், வயிற்றுக்குள் அடைபட்ட மிச்சக் காற்று ஸ்பிரிங்காகவும் நடந்துகொள்கின்றன. வாய் குறுகினால் சுருதி இறங்கும்; பானை பெருத்தாலும் இறங்கும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கணக்காக்கினார். இன்றைக்கு பெட்டியில் ஓட்டை போட்டு பிவிசி குழாயைச் செருகுகிறோமே, அது அந்தக் கணக்குதான்.

நம் ஊரில் சப்வூஃபர் பேச்சு இங்கிருந்து தொடங்குவதில்லை. "எத்தனை வாட்ஸ்?" என்றுதான் தொடங்கும். தமிழ்நாட்டில் அசெம்பிள்டு செட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 4440 ஐசி போர்டு, பிறகு டிடிஏ 7294, பிறகு 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி என்று ஊருக்கு ஊர் ஆம்ப் செய்கிறவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்ததையொட்டிய ஆண்டுகளில் தியேட்டர்களின் ஒலி மாறியது. நெஞ்சில் வந்து மோதும் அந்தச் சத்தம் வீட்டிலும் வேண்டும் என்ற ஆசை பிறந்தது. ஆசை நியாயமானது. அதைத் தீர்க்கப் போன வழிதான் கோணல். சந்தைக்கு வந்த செட்டுகளின் அட்டைப்பெட்டியில் பிஎம்பிஓ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் அச்சடித்திருந்தது. நொடியின் சிறு துணுக்கில் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்சம் அது. தொடர்ந்து வரும் இசைக்கும் அந்த எண்ணுக்கும் உறவு கிடையாது. நான் கேட்பது வேறு கேள்வி: எத்தனை லிட்டர்?

ஒலி என்பது நகர்த்தப்பட்ட காற்று. ஒரே அளவு ஒலி அழுத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். 120 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்கிற இடத்தில் 30 ஹெர்ட்ஸுக்கு 16 மில்லிமீட்டர் அசைய வேண்டும். இது போதாதென்று நம் காதும் ஓரவஞ்சனை செய்கிறது. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் என்பது அமைதியான வீட்டில் தணிந்த குரலில் பேசும் அளவு. அதே சத்தமாகத் தோன்றுவதற்கு 31.5 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 88 டெசிபல் வேண்டும். 60 டெசிபல் வரைக்கும் அந்த அதிர்வெண் நம் காதில் விழுவதே இல்லை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நல்ல 10 இன்ச் ஸ்பீக்கர் ஒன்றின் கோன் பரப்பு சுமார் 330 சதுர சென்டிமீட்டர். ஒரு பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் ஓடக்கூடியது என்றால் அது தள்ளும் காற்று கால் லிட்டருக்குச் சற்று அதிகம். தரையில் வைத்த பெட்டியிலிருந்து, 30 ஹெர்ட்ஸில், ஒரு மீட்டர் தூரத்தில் இது சுமார் 96 டெசிபல் தரும். அதே 10 இன்ச், ஆனால் 3 மில்லிமீட்டர்தான் ஓடும் என்கிற மலிவுச் சரக்கு 87 டெசிபலோடு நின்றுவிடும். பின்னால் எத்தனை வாட் ஆம்ப்பைக் கட்டினாலும் அதற்கு மேல் வருவது பேஸ் அல்ல, வாய்ஸ் காயில் முட்டிக்கொள்ளும் 'டக் டக்'. கடையில் மேக்னட்டைக் கையில் தூக்கி எடை பார்த்து வாங்குகிறார்கள். கோனின் விளிம்பை விரல்களால் பரவலாகப் பிடித்து மெல்ல அழுத்தி, எவ்வளவு தூரம் தடையில்லாமல் போகிறது என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ள சோதனை.

இனி பெட்டி. கோன் முன்னால் போகும்போது எதிரே காற்று நெருங்குகிறது. பின்னால் அதே அளவு விலகுகிறது. பெட்டியில்லாத ஸ்பீக்கரில் முன்பக்கக் காற்று வளைந்து பின்பக்கம் போய்ச் சேர்ந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சிறிய அலைகளுக்கு இது பெரிய தொல்லையில்லை. 30 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 11 மீட்டருக்கு மேல். அதற்கு ஒரு ஜாண் ஸ்பீக்கரைச் சுற்றிக்கொண்டு போவது ஒரு தூரமே இல்லை. (20 ஹெர்ட்ஸ் அலை இன்னும் நீளம், பதினேழு மீட்டருக்கு மேல். ஏகாம்பரநாதர் கோயிலின் 59 மீட்டர் ராஜகோபுரத்தைப் படுக்கவைத்தால் அதற்குள் மூன்று அலைகளும் கொசுறும்தான் அடங்கும்.) ஆகவே பின்பக்கக் காற்றை அடைத்து வைக்க வேண்டும். அடைத்து வைத்தால் அது ஸ்பிரிங் ஆகிவிடும்.

அந்த ஸ்பிரிங்கைப் பகையாக நினைக்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். அதுவரை நல்ல பேஸ் என்றால் பீரோ அளவுப் பெட்டி. 1954-ல் அவர் கோனின் சொந்தத் தாங்கலை மிகத் தளர்வாக்கி, விறைப்பைப் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் பொறுப்பில் விட்டார். துணியும் ரப்பரும் தரும் விறைப்பைவிடக் காற்றின் விறைப்பு சீரானது. ஒலியும் தெளிந்தது, பெட்டியும் புத்தக அலமாரிக்குள் நுழைந்தது. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், குழாய் வைத்த பெட்டிக்கு இதேபோல ஒரு கணக்கை எழுதினார். உள்ளூர் பொறியாளர் இதழில் வந்த அந்தக் கட்டுரையை உலகம் பத்து வருஷம் கண்டுகொள்ளவில்லை. ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் அதைத் தொடர்ந்து விரித்தபிறகுதான் கைத்திட்டமாக இருந்த பெட்டி வேலை கால்குலேட்டர் வேலையாக மாறியது. இன்றைக்கு நல்ல ஸ்பீக்கரோடு வரும் தாளில் அச்சிட்டிருப்பது 'தீல்–ஸ்மால்' எண்கள்தான்.

அவற்றில் மூன்று போதும். ஒன்று, ஸ்பீக்கர் தன்னியல்பில் அதிரும் அதிர்வெண். இரண்டு, கோனின் தாங்கலுக்கு இணையான விறைப்பு எத்தனை லிட்டர் காற்றுக்கு இருக்கும் என்பது. மூன்று, சிக்னல் நின்றபின் கோன் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதைச் சொல்லும் கியூ என்ற எண். அது குறைவாக இருந்தால் கோன் சட்டென்று அடங்கும், அதிகமாக இருந்தால் விட்ட பிறகும் ஆடும் ஊஞ்சல் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். பெட்டிக்குள் வைத்தபிறகு இந்த எண் 0.7-க்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

தாள் இல்லாமல் வரும் ஸ்பீக்கருக்கு என்ன செய்வது? இங்கேதான் ரவை திரும்ப வருகிறது. கைப்பேசியில் டோன் ஜெனரேட்டர் ஆப், ஏதாவது ஒரு சின்ன ஆம்ப், ஸ்பீக்கரோடு தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டர். அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மீட்டர் எகிறும். அதுதான் ஸ்பீக்கரின் சொந்த அதிர்வெண். 40 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 20 கிராம் சப்பாத்தி மாவைச் சரியாக நிறுத்து, கோனின் நடுவில் வட்டமாக அப்பி, திரும்ப அளக்க வேண்டும். சரிகையை கிராம் கணக்கில் நிறுக்கிற ஊரில் நல்ல தராசுக்குப் பஞ்சமில்லை. அதிர்வெண் 32-க்கு இறங்கினால், 40-ஐ 32-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்தால் 0.56, இருபது கிராமை அதனால் வகுத்தால் அசையும் பாகத்தின் எடை கிடைக்கும், சுமார் 36 கிராம். எடை தெரிந்தால் விறைப்பு தெரியும். விறைப்பும் கோன் பரப்பும் தெரிந்தால் லிட்டர் தெரிந்துவிடும். மிருதங்க வித்வான் காதால் செய்வதை நாம் மீட்டரால் செய்கிறோம், அவ்வளவுதான். மாவு காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ஓர் உதாரணம். சொந்த அதிர்வெண் 28 ஹெர்ட்ஸ், இணைக் காற்று 60 லிட்டர், கியூ 0.40. நல்ல 10 இன்ச் கார் சப்வூஃபருக்கு இவை பொருத்தமான எண்கள். இதை 30 லிட்டர் அடைத்த பெட்டியில் வைத்தால், அறுபதை முப்பதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 3, அதன் வர்க்கமூலம் 1.73. அதிர்வெண், கியூ இரண்டையும் அதனால் பெருக்க வேண்டும்: 48 ஹெர்ட்ஸ், 0.69. அருமையான பெட்டி. இடமில்லை என்று அதே ஸ்பீக்கரை 10 லிட்டருக்குள் திணித்தால் பெருக்கும் எண் 2.65 ஆகிறது: 74 ஹெர்ட்ஸ், கியூ 1.06. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் 'தும் தும்' என்று அடிக்கும் செட்டுகள் இப்படிப் பிறந்தவைதான். அதைத்தான் பலர் பேஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அதே ஸ்பீக்கருக்கு 60 லிட்டர் பெட்டி கொடுத்து, 30 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த குழாயை வைத்தால் 30-க்கும் கீழே வரை இறங்கி வரும். உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள பிளம்பிங் குழாயில் 38 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ள வேண்டும். 7 சென்டிமீட்டர் குழாய் என்றால் 17 போதும். சின்னக் குழாய் லாபம்போலத் தெரியும், ஆனால் அதில் காற்று இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். நொடிக்கு பதினேழு மீட்டரைத் தாண்டிவிட்டால் இசைக்கு நடுவே 'புஸ் புஸ்' என்று மூச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கும். குழாயின் இரு வாய்களையும் உளியாலோ உப்புத்தாளாலோ உருட்டிவிட்டால் கொஞ்சம் தணியும்.

முதல் பெட்டி எது என்று கேட்டால், அடைத்த பெட்டி என்பேன். ஆசாரி அளவு தவறி 30 லிட்டருக்குப் பதில் 25 லிட்டர் செய்துவிட்டாலும் அதிர்வெண் 52, கியூ 0.74, காதால் கண்டுபிடிப்பது கஷ்டம். குழாய்ப் பெட்டி அப்படி மன்னிக்காது. சேர்த்த சுருதிக்குக் கீழே போனதும் குழாய்க் காற்று கோனுக்கு முட்டுக்கொடுப்பதை நிறுத்திவிடும். படத்தில் ஒரு வெடிகுண்டு வெடித்தால் கோன் பிடிமானமில்லாமல் பாய்ந்து ஸ்பீக்கர் கிழியும். அதைத் தடுக்க ஆம்ப்புக்கு முன்னால் 25 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டும் சப்சானிக் ஃபில்டர் வேண்டும். உள்ளூர் அசெம்பிள்டு போர்டுகளில் பலவற்றில் அது கிடையாது.

மரத்துக்கு வருவோம். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் வெட்டச் சுலபம், அடர்த்தி சீர். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் குடித்து ஓரம் உப்பும் என்பதால் ஈரம் தாங்கும் பிளைவுட்டே எனக்கு உகந்தது. குழாய்ப் பெட்டிக்கு உள்ளளவு 35, 38, 50 சென்டிமீட்டர் என்று வைத்தால் 66 லிட்டர் வரும். குழாய், ஸ்பீக்கரின் பின்பாகம், நடுவே இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் எல்லாம் போக 60 தேறும். குறுக்குச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். பெட்டியின் பலகை அதிர்ந்தால் அதுவும் ஒரு ஸ்பீக்கர் ஆகிவிடும், யாரும் கேட்காத ஸ்பீக்கர். மூட்டுகளில் ஃபெவிகால், உள்விளிம்பு முழுக்க சிலிகான். காற்று கசியும் அடைத்த பெட்டி அடைத்த பெட்டியே அல்ல. அதற்குள் இலவம்பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் ஒரு சின்ன வித்தை நடக்கும்: காற்று அமுங்கும்போது எழும் சூட்டை இழைகள் வாங்கிக்கொள்வதால் அதன் விறைப்பு குறைந்து, பெட்டி தன் அளவைவிடப் பெரிதானதுபோல நடந்துகொள்ளும். ஏட்டுக் கணக்கில் 40 சதவீதம் வரை. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். பட்டு நூல் கழிவும் இழைதானே என்று காஞ்சிபுரத்துக்காரர் கேட்கலாம். கேட்டதில் தவறில்லை, ஆனால் ஒலிபெருக்கி உலகத்தில் பட்டுக்கு உரிய இடம் மறுகோடியில் இருக்கிறது. நல்ல டிவீட்டர்கள் பலவற்றின் குவிமாடம் பட்டுத் துணியில் செய்யப்படுகிறது.

வாட்ஸை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது, ஒரு பத்தி கொடுப்போம். போர்டில் 300 வாட்ஸ் என்று எழுதியிருக்கலாம், உண்மையைச் சொல்வது டிரான்ஸ்ஃபார்மர். 12-0-12 வைத்தால் போர்டுக்குப் போவது இரு பக்கமும் 17 வோல்ட்; இழப்புகள் போக 14 வோல்ட் உச்சம் கிடைத்தால் 4 ஓம் ஸ்பீக்கரில் அது சுமார் 25 வாட். அவ்வளவுதான், டிரான்சிஸ்டர் எதுவாக இருந்தாலும். 24-0-24 போட்டால் 110 வாட் வரை போகும். இந்த நான்கு மடங்கு காதுக்கு 6 டெசிபல் கூடுதல். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றக்கூட அது போதாது, அதற்குப் பத்து டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டியை நடுக்கூடத்திலிருந்து மூலைக்கு நகர்த்தினாலே ஏறத்தாழ அந்த 6 டெசிபல் செலவில்லாமல் கிடைத்துவிடும்.

மூலை என்றதும் வீட்டுக்குள் வந்துவிட்டோம். சப்வூஃபரின் கடைசிப் பெட்டி கூடம்தான். அதைக் கட்டியவர் வேறு யாரோ. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். அகலம் குறைவு, நீளம் அதிகம். 18 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்று ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை முட்டித் திரும்பும்போது, நீளத்தைப்போல இரண்டு மடங்கு அலைநீளம் உள்ள ஒலி அங்கேயே நிலைத்து நின்றுவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். கணக்குப் போட்டால் நீளவாட்டில் 32 ஹெர்ட்ஸ், அகலவாட்டில் 57. உயரமும் பத்தடி என்பதால் அங்கேயும் 57. இரண்டும் ஒரே இடத்தில் விழுவதுதான் வம்பு. பாட்டில் 57-ஐ ஒட்டிய சுரம் வரும்போதெல்லாம் கூடம் தானே கூட உறுமும். சுவரோரம் உட்கார்ந்தவருக்குக் காது அடைக்கும், நடுவில் நாற்காலி போட்டவருக்கு அந்தச் சுரமே காணாமல் போகும். இரண்டு பேரும் ஒரே ஸ்பீக்கரைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

பழைய நாட்டு ஓட்டு வீடுகள் இந்த விஷயத்தில் தேவலை. கூரை சரிந்து போவதால் தரைக்கும் கூரைக்கும் இடையே நிலையான உயரம் இல்லை, செங்குத்து அலை வலுவாக நிற்காது. காங்கிரீட் போட்டுச் சமதளக் கூரை ஆக்கியதும் அது வந்துவிடுகிறது. ஓட்டு வீட்டின் பாதகமும் உண்டு. நன்றாக மூடிய சின்ன அறையில், அதன் மிகக் கீழான அலைக்கும் கீழே போனால், அறை முழுக்க ஒரே நேரத்தில் அமுங்கி விரியும். அதனால் ஆழ்ந்த ஒலி தானாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கப்படும். முற்றமும் ஓட்டிடுக்கும் உள்ள வீட்டில் அந்த அழுத்தம் நிற்காமல் வெளியே போய்விடும். வெளிநாட்டு நூல்களில் அடைத்த பெட்டிக்குச் சொல்லும் அந்த இனாமை முற்றம் வைத்த வீட்டுக்காரர் எதிர்பார்க்க முடியாது. இரண்டாவது பெட்டி கட்டும் துணிச்சல் வந்தபின், அப்படிப்பட்ட வீட்டுக்குக் குழாய்ப் பெட்டியே சரி.

திரைச்சீலையும் சுவரில் தொங்கும் துணியும் 57 ஹெர்ட்ஸைத் தொடக்கூட முடியாது. இழைப்பொருள் அலையை விழுங்க வேண்டுமானால், சுவரிலிருந்து அலைநீளத்தில் கால்பங்கு தள்ளி இருக்க வேண்டும். இங்கே அது ஒன்றரை மீட்டர். பத்தடிக் கூடத்தில் அதற்கு எங்கே போவது? இடம் மாற்றுவதுதான் கைகூடும் வைத்தியம். அகலச் சுவரின் நட்ட நடுவில் பெட்டியை வைத்தால் அகலவாட்டு 57 கிளம்பாது, ஏனென்றால் அந்த அலை அழுத்தமே இல்லாமல் இருக்கும் கோடு அது. எல்லா இடத்தையும் சோதிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, ஒரு பேஸ் பாட்டை ஓடவிட்டு, கூடத்தின் ஓரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம். ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் நடுவிலுள்ள வழி மாறாது என்ற விதிதான் இதற்கு ஆதாரம். ஹெல்ம்ஹோல்ட்ஸும் ராலேயும் எழுதி வைத்தது. ஐம்பது வயதில் தவழ்வதை வீட்டில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு அவர்கள் விதி எதுவும் எழுதவில்லை.

தறி இருக்கிற கூடம் என்றால் இன்னொன்று. ஜக்கார்டு பெட்டிக்குள் தொங்கும் கம்பிகள், பரணில் அடுக்கிய பாத்திரம், ஜன்னல் கொக்கி எல்லாம் ஏதாவது ஓர் அதிர்வெண்ணில் சேர்ந்து பாடும். டோன் ஆப்பில் 25-லிருந்து 100 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டு போய், எது எப்போது உதறுகிறது என்று குறித்து, ஒவ்வொன்றாக அடக்க வேண்டும். சப்வூஃபர் சரியில்லை என்று வரும் புகார்களில் பாதி, பாத்திரங்களின் மேல் வர வேண்டியது. லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, பின்பக்கம் உள்ள ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, எதில் தொப்பியின் ஒலி முழுதாக வருகிறதோ அதில் விட்டுவிட்டால் கட்டும் வேலை முடிந்தது.

மிச்சம் இருப்பது பக்கத்து வீடு. சுவரின் எடை ஒலியைத் தடுக்கும், ஆனால் அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் அந்தத் தடுப்பு 6 டெசிபல் குறையும். 480 ஹெர்ட்ஸிலிருந்து 30-க்கு நான்கு படி இறங்க வேண்டும். அதற்குள் 24 டெசிபல் போய்விடும். பொதுச்சுவருக்கு அப்பால் வசனம் கேட்காது, வெடி மட்டும் கேட்கும். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைப்பது தரை வழியாகப் போகும் அதிர்வைக் குறைக்குமே தவிர காற்று வழியாகப் போவதை ஒன்றும் செய்யாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. அந்த அளவு மனிதக் காதைப்போல ஆழ்ந்த ஒலியைக் குறைத்து மதிப்பிடும் 'ஏ' அளவுகோலில் எடுக்கப்படுவது, 31.5 ஹெர்ட்ஸில் அது 39 டெசிபலைக் கழித்துவிடும். 90 டெசிபல் முழக்கம் மீட்டரில் 51 என்று விழும், பகல் எல்லைக்குள்ளேயே. அடுத்த வீட்டில் ஜன்னல் கதவு நடுங்கிக்கொண்டிருக்கும்போது மீட்டரைக் காட்டிப் பேசுவது வேலைக்கு ஆகாது. சப்வூஃபருக்குத் தனியாக ஒரு ஆன்–ஆஃப் சுவிட்சை, கை எட்டும் இடத்தில், முதலிலேயே வைத்துக் கட்டிவிடுங்கள்.